முப்பத்தாறாயிரம் ரூபாய் லாபம்

காந்தி மார்க்கெட்டில் ரெங்கராஜைத் தூரத்தில் பார்த்ததுமே காய்கறிக்காரர்கள் விலையை ஏற்றிவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். எப்படியும் அவன் குறைப்பான். குறைக்கப்போகிறதை இப்போதே கூட்டி வைத்துவிட்டால் நஷ்டமில்லை என்று ஒரு தற்காப்பு. அப்படியும் அவன்தான் ஜெயிப்பான். சின்ன வெங்காயத்தைக் கையில் அள்ளி மூக்கருகே கொண்டுபோய், "இது நேத்து மழையில நனைஞ்சதுண்ணே, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்" என்று பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பான். கிலோவுக்கு நாலு ரூபாய் இறங்கிவிடும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்குப் பத்தொன்பது வருஷமாகக் காய்கறி வாங்கிப் போடுகிறவன் அவன். சம்பளத்தை ஏற்றுவதில் முதலாளிக்குக் கை வராது. ஆனால், "ரெங்கராஜ் வாயால எனக்கு மாசம் பத்தாயிரம் மிச்சம்" என்று நாலு பேர் முன்னால் சொல்லுவார். அந்தப் பேச்சிலேயே இவனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைக்கத்தான் செய்தான். அந்த வாய் வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பதுதான் விஷயம். அவன் பேர் மட்டும் கெட்டிருந்தால் இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பான். கூடவே யமுனாவின் பேரும் கெட்டதுதான் இன்றுவரை அவனை அறுக்கிறது.

யமுனா அவன் மனைவி. ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் வாடகை வீடு, ஒரே மகள் ஜோதி, பிளஸ் டூ. குடும்பம் என்று பார்த்தால் மூன்றே பேர்தான். ஆனால் லால்குடியில் கட்டிக்கொடுத்த தங்கை மகாலட்சுமி இருக்கிறாளே, அவளையும் சேர்த்துத்தான் ரெங்கராஜ் கணக்குப் போடுவான்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் மகாலட்சுமியின் மூத்த பெண் பெரியவளானாள். தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். பெண்ணின் அப்பா வழியில் இருபத்தொரு தட்டு வைக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் ரெங்கராஜுக்குத் தூக்கம் போயிற்று. கிலோவுக்கு நாலு ரூபாய்க்காகப் பத்து நிமிஷம் மல்லுக்கு நிற்கிற மனுஷன், சீர் என்று வந்ததும் ஐம்பத்தொரு தட்டு, ஒரு பவுன் சங்கிலி, பட்டுப்புடவை, பேண்டு வாத்தியம் என்று ஒரு பேரமும் பேசாமல் அடுக்கிக்கொண்டே போனான். கையிலோ ஒன்றுமில்லை. தில்லைநகர் பக்கம் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் ஒன்றேகால் லட்சம் தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

கடன் விண்ணப்பப் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது யமுனா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. போட்டுடு."

"எதுக்குங்க என் கையெழுத்து?"

"சும்மா, பார்மாலிட்டி. கட்டப்போறது நான்தானே."

புளிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் போட்டுக் கொடுத்தாள். கட்டிய கணவன் கேட்கும்போது எந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டுப் போடுவாள்? சீர் ஊர்வலம் லால்குடித் தெருவில் போனபோது ஐம்பத்தொரு தட்டையும் ஜனங்கள் எண்ணினார்கள். ரெங்கராஜ் மீசையைத் தடவிக்கொண்டான்.

பதினோரு தவணை ஒழுங்காகப் போயிற்று. அதற்குள் கொரோனா வந்து ஹோட்டலை மூடினார்கள். யமுனா வேலை பார்த்த லாட்ஜும் மூடியாயிற்று. ரெங்கராஜ் ஒரு தள்ளுவண்டியில் காய்கறி போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் கூவிப் பார்த்தான். வாங்குகிற இடத்தில் புலியாக இருந்தவனுக்கு விற்கிற இடத்தில் நாக்கு எழவில்லை. மாமிகள் எல்லாரும் அவனையே தோற்கடித்துக் கத்தரிக்காய் வாங்கிப் போனார்கள். தவணை நின்றது. ஒரு மாதம் இரண்டு மாதம் என்று ஆரம்பித்து ஒன்றரை வருஷம் அப்படியே கிடந்தது. பிறகு ஹோட்டல் திறந்து, சம்பளம் வர ஆரம்பித்து, கம்பெனியிலிருந்து போன் மேல் போன் வந்தது. மொத்தம் எண்பத்துநாலாயிரம் நிற்கிறதாம். ஒரே தடவையில் கட்டினால் அறுபதாயிரத்துக்கு முடித்துத் தருவார்களாம்.

அறுபது என்று அவர்கள் வாய் திறந்தால் அது அறுபதாகவா இருக்கும்? ரெங்கராஜுக்குக் கை பரபரத்தது.

அன்றைக்கு யமுனா சொன்னாள்: "என் காதுத் தோட்ட அடகு வச்சா முப்பத்தஞ்சு, நாப்பதுக்குத் தேறும்ங்க. கையில இருக்கறதையும் சேர்த்து முழுசா கட்டிருங்க. வாங்கினத முழுசாக் குடுத்துட்டா மனசு சுத்தமா இருக்கும்."

காதிலிருந்து கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா போட்ட எட்டுக்கல் தோடு. ரெங்கராஜ் சிரித்தான்.

"குறைச்சுக்கறேன்னு அவனே சொல்றான், கூடத் தரேன்னு நிக்கிறவள உலகத்துலயே இப்பத்தான் பாக்குறேன். மாட்டிக்க, மாட்டிக்க."

கம்பெனியில் நவநீதன் என்று ஓர் அதிகாரி. முப்பது வயதுக்காரர், நிதானமானவர். ரெங்கராஜ் அவர் எதிரே உட்கார்ந்து, மூடிக்கிடந்த ஹோட்டல், தள்ளுவண்டி, மகள் படிப்பு எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தான். அறுபது ஐம்பத்தைந்தாகி, ஐம்பத்தைந்து ஐம்பதாகி, கடைசியில் நாற்பத்தெட்டில் வந்து நின்றது. கையெழுத்துப் போடுவதற்கு முன் நவநீதன் பேனாவைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"சார், ஒரு விஷயம். முழுசா கட்டாம இப்படி முடிச்சா சிபில், அதான் கடன் ஒழுங்காக் கட்டுறதுக்குப் போடுற மார்க்கு, அடிபடும். உங்களுக்கும் சரி, கூடக் கையெழுத்துப் போட்ட உங்க வீட்டம்மாவுக்கும் சரி. நாளைக்கு பேங்க்ல லோன்னு போனா அதத்தான் மொதல்ல பாப்பாங்க. வீட்டுல கலந்துக்கிட்டு வாங்களேன்."

"சிபில வச்சு நான் என்ன இட்லியா சுடப்போறேன்? குடுங்க சார் பேனாவ."

பக்கத்து மேஜைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். ரெங்கராஜுக்கு அதில் இன்னும் குஷி.

முப்பத்தாறாயிரம் ரூபாய் லாபம். அந்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு முக்கொம்பு போனார்கள். ஜோதி ஊஞ்சலாடினாள். அணைக்கட்டு ஓரத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் வறுத்த மீன் தின்றார்கள். எப்படிப் பேசினான், அவர் எப்படி இறங்கினார் என்று ரெங்கராஜ் நடித்தே காட்டினான். நவநீதன் கடைசியாகச் சொன்னதை மட்டும் நடித்துக்காட்டவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை, அது ஒரு விஷயமாகவே அவனுக்குத் தோன்றவில்லை. மார்க்கெட்டிலும் அந்தக் கதையை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான்.

யமுனாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ராஜகோபுரத்துக்குப் பக்கத்து லாட்ஜில் அறை பெருக்கப் போனவள், பத்து வருஷத்தில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றுக்கும் பொறுப்பாளியாகியிருந்தாள். லாட்ஜ் முதலாளி அமிர்தராஜுக்கு சமயபுரத்தில் இன்னும் இரண்டு லாட்ஜ் உண்டு. சமயபுரம் மாரியம்மனுக்கு மஞ்சள் புடவை கட்டி, மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வருகிற ஜனங்கள் படுத்தெழுந்தால் வெள்ளை விரிப்பெல்லாம் மஞ்சளாகிவிடும். வெளியில் சலவைக்குப் போட்டால் அவர்கள் நேரே கொதிக்கிற சோடாவில் அமுக்குவார்கள். மஞ்சள் செக்கச்செவேலென்று ரத்தக் கறைபோல் மாறித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். மாதம் நாற்பது ஐம்பது விரிப்பு குப்பைக்குப் போகும். யமுனா சமயபுரம் துணியையும் தன்னிடம் அனுப்பச் சொன்னாள். சோப்பையே தொடாமல் பச்சைத் தண்ணீரில் அலசி, உச்சி வெயிலில் நாள் முழுக்கக் காயப்போட்டாள். வெயில் மஞ்சளைத் தின்றுவிடும். அதற்குப் பிறகுதான் சோப்பு. குங்குமத்துக்கு ஒரு முறை, எண்ணெய்க்கு ஒரு முறை, எல்லாம் அவளாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். விரிப்பு வாங்குகிற செலவு பாதியாகக் குறைந்ததும் அமிர்தராஜ் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ எத்தன நாளைக்கு என்கிட்ட சம்பளத்துக்கு இருப்ப? தனியா ஒரு சலவை யூனிட் போடேன். என் மூணு லாட்ஜ் துணியும் உனக்குத்தான். தெரிஞ்ச லாட்ஜ்காரங்க இன்னும் நாலு பேர்கிட்ட நான் சொல்றேன். ஆனா மாசி பூச்சொரிதல் திருவிழாக் கூட்டத்துக்கு முன்னாடி ரெடியாயிடணும். அப்பதான் எனக்கு உபயோகம்."

அன்று சாயங்காலம் யமுனா வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் தனக்கென்று ஒரு ரவிக்கைத் துணிகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்போது நோட்டில் எழுதிக் காட்டினாள்: பெரிய வாஷிங் மெஷின் இரண்டு, உலர்த்துகிற மெஷின் ஒன்று, தேய்க்கிற ரோலர் ஒன்று, நாலு பெண்களுக்கு வேலை. மொத்தம் ஒன்பது லட்சம். பெண்கள் தொழில் தொடங்க அரசு மானியத்தோடு வங்கிக் கடன் உண்டு என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொண்டு வந்தாள். மானியத்துக்கான தேர்விலும் நின்று பேசித் தேறினாள். தன் பங்காகப் போட வேண்டிய பணத்துக்குச் சீட்டு கட்டி வைத்திருந்தது எழுபதாயிரத்தைத் தொட்டிருந்தது. அதில் இருபத்தைந்தாயிரத்தை எடுத்து, சமயபுரத்தில் வீரமலை என்பவருடைய கொட்டகைக்கு முன்பணமாகக் கொடுத்தாள். ஆழ்குழாய்க் கிணறு, மூன்று பக்கமும் வெயில் விழுகிற காலி இடம். "மாசி வரைக்கும் வேற யாருக்கும் விடமாட்டேன்" என்று வீரமலை வாக்குக் கொடுத்தார். கொட்டகை வாசலில் நின்று, இங்கே ஒரு போர்டு வரும் என்று யமுனா கையால் காட்டினாள். ஜோதி, "என்ன பேரும்மா போடுவ?" என்றாள். "வேற என்ன, யமுனா சலவையகம்தான்" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

தை மாதம் வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. கடன் பிரிவு அதிகாரி பேட்ரிசியா. யமுனா கஞ்சிபோட்ட காட்டன் புடவையில் போனாள்; ரெங்கராஜ் ஹோட்டலில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனான். வட்டியை எப்படிக் குறைக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனான் பாவி.

"உங்க பேப்பர் எல்லாம் நல்லா இருக்கும்மா," என்றார் பேட்ரிசியா. "லாட்ஜ்காரர் லெட்டர் இருக்கு, இடம் இருக்கு, மானியமும் ஓகே. சிபில்லதான் மாட்டுது."

"நான் கடனே வாங்கினதில்லையே மேடம்."

"பத்தொன்பதுல ஒரு பைனான்ஸ்ல வாங்கின கடன்ல உங்க பேரும் இருக்கே."

"அது இவரு வாங்கினது. அதத்தான் கட்டி முடிச்சாச்சே?"

பேட்ரிசியா கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "முடிக்கலம்மா. முப்பத்தாறாயிரம் அவங்க விட்டுக்குடுத்து செட்டில்மென்ட் பண்ணியிருக்காங்க. எங்க கண்ணுக்கு அது பாதியில விட்ட கடன்தான். அதுக்கு முன்னாடி ஒண்ணரை வருஷம் தவண கட்டாதது மாசாமாசம் பதிவாயிருக்கு. உங்க ஸ்கோர் ஐந்நூத்தித் தொண்ணூத்தெட்டு. எழுநூறுக்கு மேல இருந்தாத்தான் நான் மேலிடத்துக்கு அனுப்பவே முடியும்."

யமுனா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேர் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் இருந்தது. கொட்டகை வாசலில் போட நினைத்த அதே பேர்.

"வீட்டுல வேற யாரு பேர்லயாவது போடலாமா?" என்றான் ரெங்கராஜ்.

"யாரு இருக்காங்க?"

இருப்பது ஜோதி மட்டும்தான். அவளுக்குப் பதினேழு வயது.

பேட்ரிசியா அவன் பக்கம் திரும்பினார். "செட்டில்மென்ட் பண்ணும்போது இப்படி ஆகும்னு அவங்க சொல்லலையா சார்?"

யமுனாவும் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லங்க மேடம். யாரும் ஒண்ணும் சொல்லல."

மார்க்கெட்டில் பத்தொன்பது வருஷமாக அவன் சொல்லாத பொய்யா? நனையாத வெங்காயத்தை நனைந்தது என்பான், முத்தாத வெண்டையை முத்தல் என்பான். அதெல்லாம் தொழில் பேச்சு, கேட்கிறவனுக்கும் தெரியும். இது அப்படியில்லை. சொல்லி முடித்த கணமே அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. பேசிப் பேசியே பிழைத்த வாய், பேச வேண்டிய ஒரே இடத்தில் கட்டிக்கொண்டது.

பேட்ரிசியா நல்ல மனுஷி. மிச்சத்தைக் கட்டிப் பாக்கியில்லை என்று கடிதம் வாங்கச் சொன்னார். அந்தப் பதிவு மாற ஒன்றரை மாதமாவது ஆகும். மாறினாலும் ஸ்கோர் உடனே ஏறாது. "ஒரு வருஷம் போகட்டும்மா. ஏதாவது சின்னக் கடன் வாங்கி ஒழுங்காக் கட்டிக்கிட்டு வாங்க. அப்புறம் என்கிட்டயே வாங்க" என்றார்.

யமுனா, "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பைலைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே தில்லைநகர் போனார்கள். சீட்டுப் பணத்தில் மிச்சமிருந்ததை யமுனா கைப்பையில் வைத்திருந்தாள். "நான் மட்டும் போயிட்டு வரேன், உனக்கு எதுக்கு அலைச்சல்?" என்று ரெங்கராஜ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "என் பேருதானே, நானும் வரேன்" என்று கூடவே புறப்பட்டுவிட்டாள்.

விட்டுக்கொடுத்த பணத்தைக் கட்ட வந்திருக்கிறோம் என்றால் கவுண்டரில் இருந்த பெண்ணுக்குப் புரியவில்லை. கடைசியில் உள்ளே அனுப்பினாள். அதே நவநீதன்தான். தலையில் முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. ஏதேதோ தட்டிப் பார்த்துவிட்டு, "சார்ஜ் எல்லாம் சேர்த்து நாப்பத்தொண்ணு முந்நூறு வருது சார்" என்றார்.

நாலாயிரமாவது இறக்கலாம். சார்ஜ் என்று எவன் சொன்னாலும் அதில் பாதி காற்று என்பது ரெங்கராஜுக்கு மனப்பாடம். ஆனால் வாய் திறக்கவில்லை. யமுனா பணத்தை எண்ணி மேஜைமேல் வைத்தாள். சீர் விஷயத்தைத் தவிர, அவன் வாழ்நாளில் சொன்ன விலைக்குச் சொன்னபடி பணம் போனது அதுதான் முதல் தடவை.

நவநீதன் ரசீதில் சீல் குத்திக்கொண்டே அவனை உற்றுப் பார்த்தார். "சார், உங்கள ஞாபகம் இருக்கு. அன்னைக்கே சொன்னேன்ல, சிபில் அடிபடும், வீட்டம்மாவுக்கும் அடிபடும், கலந்துக்கிட்டு வாங்கன்னு? இட்லியா சுடப்போறேன்னு கேட்டீங்க. இங்க எல்லாரும் அத ரொம்ப நாள் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தோம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்து நாற்காலியில் யமுனா இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். இவர்கள் வீட்டுக்கு அந்தப் பேச்சு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது எப்படித் தெரியும்? ரெங்கராஜ் ரசீதை வாங்கினான். யமுனா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரெங்கராஜுக்கு அவள் கத்தமாட்டாளா, நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்கமாட்டாளா என்றிருந்தது. கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும். காவிரிப் பாலத்துக்கு நடுவில் வரும்போது அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே தோட்ட வச்சிருப்போம்."

"தப்புதான் யமுனா. பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"ம்" என்றாள். அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்கி, காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான்.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடிய வேகம் இருக்கிறதே! பாக்கியில்லை என்ற கடிதம் வருவதற்கே மூன்று வாரம் ஆயிற்று. ரெங்கராஜ் கந்துவட்டிக்குக்கூடக் கேட்டுப் பார்த்தான். ஒன்பது லட்சத்துக்கு வட்டி மட்டும் யமுனா சம்பாதிக்கக்கூடியதை முழுங்கிவிடும். ஒரே ஒரு மெஷினை வைத்தாவது தொடங்கலாமென்றால் மூன்று லாட்ஜ் துணி தாங்காது. மாசி பிறந்து பூச்சொரிதலும் தொடங்கிவிட்டது. அமிர்தராஜ் முடிந்த மட்டும் காத்திருந்தார். பிறகு ஒரு நாள் யமுனாவிடம், "நான் என்னம்மா பண்றது? கூட்டம் வந்துடுச்சு" என்றார். உண்மையிலேயே அவருக்கு வருத்தம்தான். பாலக்கரையில் சலவைத் தொழில் நடத்துகிற அப்துல் ஹலீம் வந்தார். வீரமலையின் கொட்டகையே அவருக்கும் பிடித்துப்போயிற்று. ஆழ்குழாய்க் கிணறும் மூன்று பக்க வெயிலும் யாருக்குத்தான் பிடிக்காது? முன்பணத்தில் ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வீரமலை திருப்பிக் கொடுத்தார். ரெங்கராஜ் அந்த ஐயாயிரத்துக்கும் பேசவில்லை.

கொஞ்ச நாளில் அப்துல் ஹலீமே வீடு தேடி வந்தார். மஞ்சள் கறை அவரையும் பாடாய்ப் படுத்தியிருந்தது.

"தங்கச்சி, அமிர்தராஜ் சார் உங்களப் பத்திச் சொன்னாரு. வந்து மேற்பார்வை பாருங்க. பதினாறாயிரம் தரேன். நீங்க போட வேண்டிய யூனிட்டுன்னு எனக்கும் தெரியும், மனசுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்."

"கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. எப்ப வரணும்?" என்றாள் யமுனா.

இப்போது தினமும் மார்க்கெட் வேலை முடிந்ததும் ரெங்கராஜ்தான் அவளை பைக்கில் சமயபுரம் கொண்டுபோய் விடுகிறான். கொட்டகை வாசலில் பச்சை நிறத்தில் பெரிய போர்டு. அதில் வேறு பேர். அவள் இறங்கி உள்ளே போவாள். மூன்று பக்கமும் வெள்ளை விரிப்புகள் கொடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நாலு பெண்கள் அவள் சொல்கிறபடி அலசுவார்கள், பிழிவார்கள், மடிப்பார்கள். நோட்டில் எழுதிக் காட்டியது எல்லாமே அங்கே இருக்கிறது, நாலு பெண்கள் உள்பட. அவன் ஒருநாளும் அந்த போர்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். மார்க்கெட்டிலும் இப்போது முன்போல் அவனுக்கு வாய் ஓடுவதில்லை. "என்ன ரெங்கராஜ், பேட்டரி வீக்கா?" என்று வெங்காயக்காரர் கேலி செய்தார்.

யமுனா மாதத்தில் ஒரு தடவை போனில் ஸ்கோரைப் பார்ப்பாள். ஜோதிதான் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். அறுநூற்று நாலு. அறுநூற்றுப் பத்தொன்பது. போன மாதம் அறுநூற்று இருபத்தாறு. எழுநூறு என்பது எட்டாத கிளை இல்லை. ஆனால் எட்டினாலும் அமிர்தராஜின் லாட்ஜ் துணி அப்துல் ஹலீமிடம்தான் இருக்கும். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசுவதில்லை.

கார்த்திகை கடைசியில் மகாலட்சுமி போன் செய்தாள். மூத்த பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது, தையில் முகூர்த்தம். "அண்ணே, தாய்மாமன் சீர் அன்னைக்கு மாதிரியே ஜாம்ஜாம்னு இருக்கணும். மாப்பிள்ள வீட்டுல பெரிய எடம். ஐம்பத்தொரு தட்டுன்னு நான் இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். ரெங்கராஜ், "பாத்துக்கலாம்மா" என்று வைத்தான். அடுப்படியில் யமுனா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். போனில் பேசியது அவள் காதில் விழாமலிருக்க அந்த வீடு அவ்வளவு பெரியதல்ல.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவள் வந்தாள். ஒரு காதுத் தோட்டைக் கழற்றினாள், இன்னொன்றையும் கழற்றினாள். இரண்டையும் அவன் எதிரே பெஞ்சில் வைத்தாள்.

"இத வச்சுச் செய்ய முடிஞ்சதச் செய்யுங்க. இல்ல, வித்துடுங்க. ஆனா என்கிட்ட கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சோறு போடட்டுமா என்று கேட்பதுபோல்தான் சொன்னாள். ரெங்கராஜ் அந்தத் தோட்டைப் பார்த்தான். நாலு வருஷத்துக்கு முன் இதே தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதே இடத்தில் அவள் நின்றதும், மாட்டிக்க மாட்டிக்க என்று தான் சிரித்ததும் கண்முன் வந்தது. அன்றைக்குத் தோட்டைக் கொடுத்துப் பேரைக் காப்பாற்ற நின்றாள். இன்றைக்கும் அதற்காகவேதான் நிற்கிறாள். புருஷனிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"மாட்டிக்க யமுனா" என்றான். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

போனை எடுத்து லால்குடிக்குப் போட்டான். "மகாலட்சுமி, கோவிச்சுக்காத. அண்ணனால முடிஞ்சது ஒரு பட்டுப்புடவையும் அஞ்சு தட்டும்தான். அதுக்கு மேல எங்கிட்ட இல்லம்மா."

"அண்ணி ஏதாவது சொன்னாங்களா?" என்றாள் மகாலட்சுமி.

"இல்ல. நான்தான் சொல்றேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. கல்யாணத்தில் மகாலட்சுமி முகம் கொடுத்துப் பேசமாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து தட்டை எண்ணிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஒரு திருகாணி உருண்டு பெஞ்சுக்கடியில் போயிருந்தது. ரெங்கராஜ் குனிந்து தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தான். யமுனா தோட்டை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். போனில் பேசி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறரை வருஷத்துக்கு முன்னால் தங்கையிடம் இதே ஒரு நிமிஷம் பேசியிருந்தால், சமயபுரத்துக் கொட்டகை வாசலில் இன்றைக்கு யமுனாவின் பேர் இருந்திருக்கும்.